வாசகர் கேள்விகள்: பயிற்சியாளருக்கும் வீரருக்கும் பொதுவானது எது?

விளையாட்டுப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சொல்லி வைத்தாற்போல, பயிற்சியாளருக்கும் அவரிடம் பயில்பவருக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றியே கேட்டிருந்தன. வேலூரிலிருந்தும், 2019-இல் அதிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும், அதாவது பழைய வட ஆற்காட்டு மண்ணிலிருந்தே அவை வந்திருந்தன. ஆகவே அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், பளுதூக்கும் பயிற்சிக்குப் போகிறான். வீட்டில் எதற்கெடுத்தாலும் “சார் சொன்னார்” என்கிறான். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாமே அவரைப் போல ஆகிவிட்டன. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கும் அப்படி என்ன ஒற்றுமை இருந்துவிட முடியும்? (ஒரு தந்தை, சத்துவாச்சாரி)

பதில்: ஐயா, வெற்றியின் மீதுள்ள ஆசைதான் இருவருக்கும் பொதுவானது என்று பலரும் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு நிறைவளிக்கவில்லை. வெற்றி வேண்டும் என்ற ஆசை, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிற சித்தப்பாவுக்கும் இருக்கிறது. ஒரே செயலைச் சலிப்பில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதும், செய்கிற ஒவ்வொரு முறையும் திருத்தத்துக்குத் தம்மை உட்படுத்திக்கொள்வதும்தான் உங்கள் மகனையும் அவனுடைய பயிற்சியாளரையும் ஒரே வகையினராக ஆக்குகின்றன. வயது வேறுபாடு அங்கே பெரிய பொருட்டாக இருப்பதில்லை.

ஒரு நாள் மாலை பயிற்சிக் கூடத்தின் ஓரமாக நின்று பார்த்தால் இது உங்களுக்கே விளங்கும். எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புத் தண்டான பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோவது ஸ்னாட்ச் என்பதும், முதலில் தோளுக்குக் கொண்டுவந்து பிறகு மேலே ஏற்றுவது கிளீன் அண்ட் ஜெர்க் என்பதும் உங்கள் மகன் சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்னாட்சில் பார் முழங்காலைத் தாண்டும்போது உடம்பை விட்டுச் சற்றே முன்னால் விலகிப் போனால்கூட, மேலே போனதும் கை அதைப் பிடித்து நிறுத்த முடியாமல் பார் முன்பக்கமாக விழுந்துவிடும். “பாரை உடம்போடு ஒட்டிக் கொண்டு வா” என்று பயிற்சியாளர் சொல்வார். பையன் மறுபடியும் தூக்குவான், மறுபடியும் விலகும். இப்படி ஒரு பருவம் முழுக்க நடக்கலாம். பையன் அதே தூக்குதலை மறுபடி மறுபடி செய்கிறான் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பயிற்சியாளரும் அதே நேரத்தில் தம் சொல்லை மாற்றிப் பார்க்கிறார், நிற்கும் இடத்தை மாற்றிப் பார்க்கிறார், எடையைக் குறைத்துப் பார்க்கிறார், முதுகில் கை வைத்துக் காட்டிப் பார்க்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பையனுக்குப் பிடிபடவில்லை என்றால் தாம் சொன்ன விதத்தில்தான் குறை இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிற பயிற்சியாளர், அந்தக் கணத்தில் தாமும் ஒரு பயிற்சியில்தான் இருக்கிறார். முன்பு கற்றதே போதும் என்று நின்றுவிட்டவருக்கும் அவரிடம் பயில்கிற பிள்ளைக்கும் ஒற்றுமை குறைந்துபோகிறது என்பது என் உறுதியான கருத்து.

போட்டி நாளில் இந்த ஒற்றுமை இன்னும் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஸ்னாட்சில் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று என ஆறு வாய்ப்புகள்தான் உண்டு. பாரில் எடை கூடிக்கொண்டே போகும். கூட்டிய எடையை யாருக்காகவும் பிறகு குறைக்க மாட்டார்கள். குறைந்த எடையைக் கேட்டவர் முதலில் மேடையேறுவார். பெயரை அழைத்ததிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தூக்கத் தொடங்கியாக வேண்டும். அடுத்த வாய்ப்பும் உடனே தமக்கே வந்துவிட்டால் இரண்டு நிமிடம் கிடைக்கும். இந்த விதிகளுக்குள்ளே, மேடைக்குப் பின்னால் உள்ள வார்ம்-அப் அறையில் பயிற்சியாளர் நடத்துவது தனியொரு போட்டி. தம் வீரருக்கு முன்னால் இன்னும் எத்தனை தூக்குதல்கள் பாக்கி இருக்கின்றன என்று அவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்குத் தக்கபடி வீரரின் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வர வேண்டும். எதிராளியின் பயிற்சியாளர் திடீரென்று எடையைக் கூட்டிவிட்டால், ஐந்து தூக்குதலுக்குப் பிறகு வர வேண்டிய முறை இரண்டிலேயே வந்து நிற்கும். அப்போது, அறிவித்த எடையை இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, ஒரு கிலோவைக் கூட்டித் தம் வீரருக்குச் சில நிமிட ஓய்வை வாங்கித் தருவார். மேடையில் நிற்கும் பையனுக்கு ஒரு நிமிடக் கடிகாரம் ஓடுவதைப் போலவே, பின்னால் பேனாவோடு நிற்பவருக்கும் கடிகாரம் ஓடுகிறது. இருவருடைய தவற்றுக்கும் திருத்தம் கிடையாது. இருவருடைய கணக்கும் தூக்கியது சரி என்று நடுவர்கள் மூவர் காட்டும் வெள்ளை விளக்கில்தான் தீரும்.

உங்கள் ஊருக்கு இதற்கு எடுத்துக்காட்டு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கோல்டு கோஸ்டில், தொடைக் காயத்தோடு போட்டியிட்டு 144, 173 என மொத்தம் 317 கிலோவுடன் அந்தத் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அங்கே தங்கம் உறுதியானதும் கடைசி வாய்ப்பை அவர் எடுக்கவே இல்லை. தூக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசையை, புண்பட்ட தொடையை நினைத்து அடக்கிக்கொள்வது பளு தூக்குவதைவிடக் கடினமானது. வீரரின் துணிவும் பயிற்சியாளரின் நிதானமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால்தான் அது முடியும். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரர் என்பதை நினைக்கும்போது, அந்த நிதானம் வீட்டிலேயே கண்டு கற்றதாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது.

தோல்வியையும் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று வாய்ப்புகளிலும் தவறியதால், மொத்த எடை என்று எழுதுவதற்கே எண் இல்லாமல் போனது. பயிற்சியாளர் விஜய் சர்மாவும் அவரும் பிரிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே அனஹெய்மில் நடந்த உலகப் போட்டியில் 194 கிலோவோடு தங்கம் வந்தது. டோக்கியோவில் 87, 115 என மொத்தம் 202 கிலோ தூக்கி அவர் வெள்ளி வென்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் முடித்து, நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்ததை எல்லோரும் அறிவோம். அவருடைய பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாருக்கும் அந்த நூறில் ஒரு பங்குதான் வாழ்நாள் முழுதும் உடன் வந்தது. மறுநாள் காலை பயிற்சிக்கு வந்து நிற்பது என்பது இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஒருவர் மட்டும் எடுத்தால் பயனில்லை.

இவற்றோடு அன்றாட வாழ்க்கையிலும் நிறைய ஒற்றுமை உண்டு. வேலூர் வெயிலில் மைதானத்தில் பயிற்சி என்றால், ஓடுகிற பிள்ளையைப் போலவே நிற்கிற பயிற்சியாளரும் விடியலுக்கு முன்பே எழுந்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அன்றைய வேலையை முடித்தாக வேண்டும். பண்டிகை, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் பாதியில் எழுந்து போகிறவர்கள் இந்த இருவர்தான். பல பயிற்சியாளர்களுக்கு வேலையும் ஒப்பந்த அடிப்படையில்தான். அடுத்த ஆண்டு நீட்டிப்பு கிடைக்குமா என்று அவர் காத்திருப்பதும், அணித் தேர்வில் தன் பெயர் வருமா என்று பையன் காத்திருப்பதும் ஒரே தவிப்புதான். ரியோவுக்கு முன்பு மூன்று மாதம் பாட்மின்டன் வீராங்கனை பி.வி. சிந்துவின் கைப்பேசியை அவருடைய பயிற்சியாளர் கோபிசந்த் வாங்கி வைத்துக்கொண்டார் என்ற செய்தியைக் கேட்டுப் பலரும் சிந்துவின் தியாகத்தை வியந்தார்கள். இப்படியொரு கட்டுப்பாட்டைப் போடும் அதிகாரம், அதே கட்டுப்பாடுகளோடு ஆடி 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றவர் என்பதால் கோபிசந்துக்கு எளிதாக வந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

ஆகவே, உங்கள் மகன் அவரைப் போல ஆகிறான் என்று கவலைப்பட வேண்டாம். அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். சொன்ன நேரத்துக்குப் போவது, அன்றன்று தூக்கிய எடையை நோட்டில் எழுதி வைப்பது, இரவு நேரத்தோடு படுப்பது ஆகியவற்றை எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஒரு முறை நேரில் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். கோபத்தையும் கடுஞ்சொல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், அதையும் அவரிடமே மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் கேட்டுக்கொள்வார்.

கேள்வி: பெரிய வீரராக இருந்தவர்தான் நல்ல பயிற்சியாளராக முடியுமா? விளையாடாத ஒருவருக்கு வீரரின் மனம் எப்படிப் புரியும்? (கல்லூரி மாணவி, குடியாத்தம்)

பதில்: ஈட்டி எறியும் வீரர் நீரஜ் சோப்ராவுக்கு அமைந்த பயிற்சியாளர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் அவர் காமன்வெல்த், ஆசியப் போட்டிகள் இரண்டிலும் தங்கம் வென்றபோது உடனிருந்தவர் ஜெர்மனியின் உவே ஹோன். 1984-இல் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தவர் அவர்; நூறு மீட்டரைத் தாண்டி எறிந்தவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை. மைதானத்தில் மற்றவர்களுக்கு ஆபத்து என்று கருதி, 1986-இல் ஈட்டியின் எடை மையத்தையே முன்னுக்குத் தள்ளி வடிவத்தை மாற்றினார்கள். அடுத்து வந்த கிளாஸ் பார்ட்டோனீட்ஸ், உடலின் அசைவுகளை இயற்பியல் கணக்காக ஆராயும் உயிர் இயக்கவியல் அறிஞர். அவர் உடனிருக்கத்தான் டோக்கியோவில் 87.58 மீட்டரும் ஒலிம்பிக் தங்கமும் வந்தன. உலகத்திலேயே அதிக தூரம் எறிந்தவரிடமும் பயன் கிடைத்தது. அசைவுகளை அளந்து ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவரிடமும் பயன் கிடைத்தது.

மேலே சொன்ன உஷாவின் பயிற்சியாளர் நம்பியாரும் விமானப்படையில் இருந்தபோது ஓடியவர்தான். பன்னாட்டுப் பதக்கம் எதுவும் அவரிடம் இல்லை. ஆனாலும் 1985-இல் துரோணாச்சாரியார் விருது ஏற்படுத்தப்பட்டபோது அதை முதலில் பெற்றவர்களில் அவரும் ஒருவர். லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்படுகிறது என்பதைக் கணக்கில் கொண்டு உஷாவை அந்தப் பக்கம் திருப்பியது அவருடைய கண்தான். ஓடும்போது உஷாவின் காலடி எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்பதை அவர் அளவுக்குப் பார்த்தவர்கள் இல்லை.

விளையாடிய அனுபவம் பயிற்சியாளருக்குத் தேவைதான். தோற்றுவிட்டு ஆடை மாற்றும் அறைக்குத் திரும்பி நடக்கும் அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர், அந்த நேரத்தில் அறிவுரை சொல்ல மாட்டார். அதைத் தெரிந்துகொள்ள ஒலிம்பிக் வரை போக வேண்டிய அவசியமில்லை. மாவட்டப் போட்டியில் முதல் சுற்றில் தோற்றவருக்கும் அது நன்றாகவே தெரியும். இயல்பாகவே எல்லாம் கைவந்த பெரிய வீரர்கள் சிலர், தமக்கு எப்படி வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் திணறுவதையும் பார்க்கிறோம். தட்டுத்தடுமாறிக் கற்றவருக்கு ஒவ்வொரு படியும் நினைவில் இருக்கும்.

கேள்வி: பயிற்சியாளர் கொடுத்த பவுடரையும் மாத்திரையையும் சாப்பிட்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் யாருக்குத் தண்டனை? (இளைஞர், ஆம்பூர்)

பதில்: இருவருக்கும்தான், தம்பி. உடம்புக்குள் எது போனாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதே உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியின் அடிப்படை; “சார் கொடுத்தார், நான் சாப்பிட்டேன்” என்ற விளக்கம் உங்களை முழுமையாகக் காப்பாற்றாது. மருந்தைக் கொடுத்தவர், விற்றவர், உடந்தையாக இருந்தவர் என எவராயினும், பயிற்சியாளர் உட்பட, அதே விதிகளின்படி தடை செய்யப்படுவார்கள். தடையில் இருக்கும் பயிற்சியாளரோடு சேர்ந்து பயிற்சி எடுப்பதேகூட விதிமீறல். பெயர் தெரியாத டப்பாவிலிருந்து எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். எந்த மருந்தானாலும் அதன் பெயரைத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது, தடகளப் பயிற்சிக்குப் போகிறாள். பயிற்சியாளர் நண்பரைப் போலப் பழகுகிறார், எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும்போது மனம் பதறுகிறது. இப்படிப் பதறுவது தவறா? (ஒரு தாய், ஆற்காடு)

பதில்: தவறே இல்லை, அம்மா. மேலே நான் எழுதிய ஒற்றுமைகள் எல்லாம் உண்மையானவை. அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் அதே அளவுக்கு உண்மை. அணியில் யார் ஓட வேண்டும், யார் வெளியே உட்கார வேண்டும் என்று முடிவெடுப்பவர் பயிற்சியாளர். அந்த அதிகாரம் உங்கள் மகளிடம் இல்லை. பதினான்கு வயதுப் பெண்ணும் அவளுடைய வாய்ப்புகளைக் கையில் வைத்திருக்கும் பெரியவரும் சமமான நண்பர்களாக இருக்க முடியாது. அன்பான, பொறுப்பான பயிற்சியாளர் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருப்பார். தாமே முன்வந்து தூரத்தைக் காத்துக்கொள்வார்.

நீங்கள் கேட்க வேண்டியவற்றைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். உடன் வரும் பெண் பயிற்சியாளர் அல்லது பெண் பொறுப்பாளர் யார், எங்கே தங்க வைக்கிறார்கள், அறையில் உடன் இருப்பவர்கள் யார், இரவில் எத்தனை மணிக்குப் பேசலாம் என்பவை எல்லாம் நியாயமான கேள்விகள். பெண்கள் உள்ள அணியோடு பெண் பயிற்சியாளர் ஒருவர் செல்ல வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையமே 2022-இல் அறிவுறுத்தியிருக்கிறது. தசைப்பிடிப்புக்குத் தடவிவிடுவது, உடம்பைத் தொட்டுத் திருத்துவது போன்றவை திறந்த இடத்தில், பிறர் பார்வையில் நடக்க வேண்டும். தொடுவதற்கு முன் பயிற்சியாளர் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். தனிப்பட்ட முறையில் இரவில் செய்தி அனுப்புவது, “வீட்டில் சொல்லாதே” என்று எதையாவது சொல்வது ஆகிய இரண்டில் ஒன்று நடந்தாலும் உடனே விசாரியுங்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் பாலியல் குற்றங்களிலிருந்து 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காக்கிறது. பிள்ளையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய இடத்தில் இருப்பவர் குற்றம் செய்தால் அச்சட்டம் அதை இன்னும் கடுமையாகப் பார்க்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்த நேரமும் உதவி கிடைக்கும். அந்த எண்ணை உங்கள் மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இதையெல்லாம் கேட்டால் பயிற்சியாளர் கோபித்துக்கொண்டு மகளை ஓரங்கட்டிவிடுவாரோ என்று பல தாய்மார்கள் தயங்குகிறார்கள். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாமல் இருப்பதே மேல். மகள் வீட்டுக்கு வந்ததும் எத்தனையாவது இடம் என்று கேட்பதற்கு முன், பயணம் எப்படி இருந்தது, யாரோடு உட்கார்ந்தாய், சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேளுங்கள். அப்படிப் பேசிப் பழகிய வீட்டில்தான், சொல்ல வேண்டியது ஒன்று வரும்போது பிள்ளை தயங்காமல் சொல்லும்.

கேள்வி: மாநில அளவில் கைப்பந்து ஆடியவன் நான். முழங்கால் காயத்தால் இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பயிற்சியாளராக விரும்புகிறேன். வீரனாக இருந்தபோது பழகியவற்றில் எது உதவும், எதை விட வேண்டும்? (இளைஞர், காட்பாடி)

பதில்: தம்பி, ஆட்டத்தை விட்டு வெளியே வர வேண்டிய வருத்தம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அந்த வருத்தம் ஆறுவதற்குக் கொஞ்சக் காலம் கொடுங்கள். அது ஆறாமல் பயிற்சி கொடுக்கத் தொடங்குகிறவர்கள், தாம் ஆட முடியாமல் போனதைப் பிள்ளைகளைக் கொண்டு ஆடித் தீர்க்கப் பார்ப்பார்கள்.

உங்களுக்கு உதவப் போவது, பந்து கைக்கு வரும் முன்பே எதிரணியின் தோளைப் பார்த்து அது எங்கே விழும் என்று கணிக்கப் பழகிய கண். அந்தப் பார்வை உங்களோடு வரும். காயம் பட்ட முழங்காலும் உதவும். தாவிக் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடியும் பிள்ளையை நீங்கள் மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துத் தடுத்துவிடுவீர்கள். விட வேண்டியது, புள்ளியைத் தாமே எடுத்துவிடத் துடிக்கும் அவசரம். வீரனுக்கு அடுத்த பந்துதான் எல்லாமும். பயிற்சியாளருக்கு அந்தப் பிள்ளையின் அடுத்த நான்கு ஆண்டுகள் கணக்கில் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இந்த வாரப் போட்டிக்காக ஓயாமல் குதிக்க வைத்து, பதினாறு வயதில் அவன் முழங்காலையும் உங்கள் முழங்காலைப் போல ஆக்கிவிடக் கூடாது.

படிப்பு விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு உடற்கல்விப் பட்டம் வேண்டும். அதற்கு 1920-இல் தொடங்கிய சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட விளையாட்டின் பயிற்சியாளர் பணிக்குப் பெரும்பாலும் கேட்பது, பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் பட்டயத்தை. அந்த ஓராண்டுப் பட்டயத்துக்கு உடனே போக முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. தகுதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், விண்ணப்பம் வரும் நேரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்குப் பழக்கமான பள்ளி ஒன்றில் தலைமையாசிரியரின் அனுமதியோடு பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுங்கள். முதல் மாதம் வலையைக் கட்ட வேண்டாம். பந்தைக் கீழ்க்கையால் எடுக்கவும், சரியாகக் குதித்து இறங்கவும் மட்டும் பழக்குங்கள். ஒவ்வொரு நாளும் எந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னீர்கள், அது பிடிபட்டதா என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பாட்டியாலாவுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கும்.